சாரி கார்டைக் கழற்றியவர்கள்

புது பைக்கை ஷோரூமிலிருந்து கொண்டுவந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சந்தனம் குங்குமம் வைத்த கையோடு எங்கள் ஆட்கள் செய்கிற முதல் காரியம் சாரி கார்டைக் கழற்றுவது. பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருக்கும் அந்தக் கம்பிக் காப்பு, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறவரின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக வைத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி பின்னால் இருப்பவருக்கு கைப்பிடி, கால்மிதி, சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டால், பார்க்க நன்றாக இல்லை என்பார்கள். அது மேலுக்குச் சொல்வது. சாரி கார்டு இருந்தால் அது குடும்ப வண்டி. மனைவியைக் கோயிலுக்கும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போகிற வண்டி. அதைக் கழற்றிவிட்டால், இது எனக்கே எனக்கான வண்டி என்று தெருவுக்கு அறிவித்த மாதிரி.

எங்கள் ஆட்கள் என்று எழுதிவிட்டேன். அதாவது தங்களை ரைடர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். நானும் அதில் ஒருவன். அப்படிச் சொல்லிக்கொள்வதற்கு என்னதான் அர்த்தம் என்று கொஞ்சம் குடைந்து பார்க்கத் தோன்றுகிறது.

இந்த நாட்டில் பதிவாகியிருக்கும் வண்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று இருசக்கர வண்டிகள். பால்காரர், கூரியர் பையன், கிராம நிர்வாக அலுவலர், மளிகைக் கடைக்குச் சரக்கு போடுகிறவர், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அம்மா என்று எல்லோரும் ஓட்டுகிறார்கள். எங்கள் பெரியப்பா ராஜ்தூத்தில்தான் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகப் போய்வந்தார். மழையில் போயிருக்கிறார், ராத்திரியில் விளக்கு எரியாமல் நிலா வெளிச்சத்தில் வந்திருக்கிறார். அவரிடம் போய் நீங்கள் ஒரு ரைடர் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு வண்டி என்பது செருப்பு மாதிரி. வெளியே போக வேண்டும், அதனால் போட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் ரைடர் என்று சொல்லிக்கொள்கிறவன் யார்? பூசி மெழுகாமல் சொல்கிறேன்: காரில் போக முடிந்தும் பைக்கில் போகிறவன். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காசு இருந்தும் முதுகு வலியை விலை கொடுத்து வாங்குகிறவன். வேறு வழி இருப்பவனுக்குத்தான் இந்தப் பட்டம். வேறு வழி இல்லாதவன் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அவன் பால்காரன்தான், கூரியர் பையன்தான். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. நாங்கள் தைரியத்தைப் பற்றியும் சுதந்திரத்தைப் பற்றியும் பேச விரும்புகிறவர்கள். வங்கிக் கணக்கைப் பற்றி அல்ல.

இது எப்படி இப்படி ஆனது என்பதற்குச் சென்னையே நல்ல சாட்சி. இந்திய ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக வண்டி தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு புல்லட் அதற்குப் பொருத்தமாக இருந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்த ஆங்கிலேய நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970இல் கடையைக் கட்டிவிட்டது. திருவொற்றியூர்க்காரர்கள் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்தில் புல்லட்டில் வந்தவர் யார்? போலீஸ் இன்ஸ்பெக்டர், ரைஸ்மில் முதலாளி, வட்டிக்குக் கொடுக்கிறவர், பஞ்சாயத்துத் தலைவர். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே கடன் வாங்கியவர் கொல்லைப்புறமாகப் போய்விடுவார். அதை ஓட்டியவர்களும் தங்களை ரைடர் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அது பதவியின் பகுதி.

அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டியைக் கிளப்புவதே ஒரு தனி வித்தை. இப்போது பட்டனை அழுத்துகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாவியைத் திருப்பினால் ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்பியர் மீட்டரின் முள் மெல்ல அசையும். இடக்கையில், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுகிற டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் காலால் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்க வேண்டும். முள் ஓரிடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் துப்பு. அங்கே லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, தயங்காமல் முழு எடையையும் போட்டு ஒரே மிதி. பிடித்துவிட்டால் பிடித்தது. பாதி மனசோடு மிதித்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கிப் பத்து நாள் நொண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவன் இதில் ஏறினால் நிறுத்த நினைத்துக் கியரைத்தான் மிதிப்பான். இத்தனை சிரமமும் சேர்ந்து அந்த வண்டிக்கு ஒரு மரியாதையைத் தேடிக்கொடுத்தது என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் கதை மாறியது. ஓசூரிலிருந்து 1984இல் இந்த்-சுசுகி, அடுத்த ஆண்டே ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100. லிட்டருக்கு எவ்வளவு என்பதுதான் அதற்குப் பிறகு ஒரே கேள்வி. புல்லட் நொடித்துப்போய் 1994இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அது மீண்டெழுந்தது எப்போது? நடுத்தர வர்க்க வீடுகளின் வாசலில் கார் நின்ற பிறகு. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு காருக்குப் போய்விட்டது. பைக் வேலையிலிருந்து விடுபட்டது. வேலையில்லாத பொருளுக்குத்தான் அழகு, பெருமை, அடையாளம் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். சாரி கார்டு கழன்றதும் அப்போதுதான்.

பிறகு அடையாளத்துக்கான உபகரணங்கள் வந்தன. முழங்கையிலும் தோளிலும் கெட்டி அட்டை வைத்த ஜாக்கெட், சித்திரை வெயிலிலும். ஹெல்மெட்டின் தாடையில் கேமரா. பிறகு லடாக். எங்கள் கூட்டத்தில் லடாக் போய் வராதவனைப் பெண் பார்க்காத மாப்பிள்ளை போலத்தான் பார்ப்பார்கள். கர்துங் லா கணவாயின் மஞ்சள் பலகை முன்னால் நின்று எடுத்த படம்தான் பட்டயம். அந்தப் பலகையிலோ பல ஆண்டுகளாக 18,380 அடி என்று எழுதியிருந்தது. சரியாக அளந்தவர்கள் சொல்வது 17,582 அடி. பட்டயத்திலேயே எண்ணூறு அடி கள்ளக்கணக்கு. யாரும் படத்தைத் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

எங்களுக்கு எரிச்சல் தரும் விஷயங்களும் அடையாளத்தில் சேர்த்தி. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் குனிந்து, "எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்பார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டதும் உதட்டைச் சுழிப்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியின் மேல் கோபமே வருவதில்லை. பெட்ரோல் விற்கிற விலைக்கு அதைவிட நியாயமான கேள்வி கிடையாது. இன்னொன்று, எதிரே வருகிறவர்கள் கையை உயர்த்தி விரல்களை மூடி மூடித் திறப்பது. பகலில் ஹெட்லைட் எரிகிறதாம். 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் விளக்கை அணைக்க சுவிட்சே கிடையாது என்று எத்தனை பேருக்குச் சொல்வது? ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், என் பேட்டரி தீர்ந்துவிடுமே என்று கவலைப்பட்டுக் கையாட்டுகிறார். ரைடர் சகோதரத்துவம் என்று நாங்கள் இரண்டு விரலைக் காட்டிக்கொள்கிறோமே, அதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெண்களுக்கு இந்தப் பட்டம் சுலபத்தில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா என்கிற கரடுமுரடான நிலத்துப் பந்தயங்களில் பெண்கள் பிரிவின் உலகக் கோப்பையையே வென்றார். அதற்குப் பிறகும், என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் தன் புல்லட்டில் பெட்ரோல் பங்குக்குப் போனால், "சார் வண்டியாக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். அவர் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று சொல்லிவிடுவாராம். "வரிசையில் பின்னால் நிற்கிறவர்களுக்கு நேரமாகிறதே, எதற்கு வம்பு?" என்கிறார்.

இவ்வளவு கேலி செய்த பிறகும் நான் ஏன் விடாமல் ஓட்டுகிறேன்? வேஷத்துக்கு அடியில் ஒரு நிஜம் இருக்கிறது என்பதால்தான். அதைச் சுதந்திரம் என்று சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுதந்திரம் வேண்டுமென்றால் ஏ.சி. காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகலாம். பைக்கில் போகிறவன் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டவன். மணலுக்கும், மழைக்கும், மாட்டுக்கும், காற்றுக்கும்.

காற்று என்றால் ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து தெற்கே போய்ப் பார்க்க வேண்டும். நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிக் காவல்கிணறு வரைக்கும் நான்குவழிச் சாலை தெற்கு நோக்கி நேராக ஓடும். மேற்கே மலை இடைவெளிகளில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். இருபுறமும் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே எந்த மாதிரிக் காற்று என்று புரிந்துவிடும். நேர்ச்சாலையில் நேராகப் போவதற்கே வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தாக வேண்டும். சாய்ந்தபடியே நேராகப் போவது முதலில் விசித்திரமாக இருக்கும், பிறகு உடம்பு பழகிவிடும். பழகிய நேரத்தில்தான் வலப்பக்கமாக ஒரு லாரி முந்திக்கொண்டு வரும். லாரி பக்கத்தில் வந்ததும் காற்று சட்டென்று அறுந்துவிடும். காற்றின் மேல் சாய்ந்திருந்த வண்டிக்குப் பிடிமானம் போய், அது லாரியின் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். லாரி கடந்த மறுநொடி அதே காற்று மொத்தமாக வந்து மோதி இடப்பக்கம் ஓரத்துக்குத் தள்ளும். பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் கையின் நடுக்கமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போய் வண்டி இன்னும் அலையும். செய்ய வேண்டியது நேர்மாறானது: வேகத்தைக் குறைத்து, தொடையால் டேங்க்கை இறுக்கி, கையைத் தளர்த்த வேண்டும். கண்ணாடியில் லாரி தெரியும்போதே இடப்பக்கம் இடம் விட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சாலையைக் கடந்து தேநீர்க் கடையில் இறங்கும்போது, அரைமணி நேரமாக வீட்டுக் கடனைப் பற்றியோ மேலதிகாரியைப் பற்றியோ ஒரு நினைப்பும் வரவில்லை என்பது புரியும். வர இடமில்லை. எனக்குப் பைக் என்பது இதுதான். மனசு ஒரே இடத்தில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் விழுவோம் என்கிற கண்டிப்பு. தியானம் என்று சொல்லி இதற்கு விபூதி பூச நான் வரவில்லை. தியானத்தில் கவனம் சிதறினால் எலும்பு முறியாது.

அப்படியென்றால் ரைடர் என்கிற பேருக்கு ஜாக்கெட்டைவிடக் கைகால்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும். அங்கேதான் எங்கள் லட்சணம் வெளுக்கிறது. நம் ஊரில் யார் முறையாகக் கற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள்? அண்ணனோ மாமாவோ பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள், ஒருநாள் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான் பயிற்சி. ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டால் லைசென்ஸ். எட்டு போடுவது நடை வேகத்தில் சமாளிக்கிற வித்தை. அறுபதில் போகும்போது குறுக்கே ஆடு வந்தால் எப்படி நிறுத்துவது என்று எந்த மைதானத்திலும் கேட்பதில்லை. முன்பிரேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடுவாய் என்பதுதான் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த பாடம். உண்மை தலைகீழ். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் வந்து விழும். பின்சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது வழுக்கத்தான் செய்யும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. அதை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸ் சுற்றுவட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து வந்தபோது பெரும்பாலோர் பின்பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து வழுக்கியிருக்கிறார்கள். முன்பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. அதைப் படித்தபோது லாஸ் ஏஞ்சலிஸும் எங்கள் ஊர் பைபாஸும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று தோன்றியது. இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, போலீஸ் நிற்கும் திருப்பத்தில் மட்டும் தலைக்கு ஏற்றுகிற கலாசாரத்தைப் பற்றித் தனியாக எழுத ஆரம்பித்தால் வசையாகத்தான் முடியும். விட்டுவிடுகிறேன்.

லட்சக்கணக்கில் செலவழித்துப் பெரிய வண்டி வாங்கியவனிடம், ஒருநாள் பயிற்சிப் பள்ளிக்கு வா என்று சொல்லிப் பாருங்கள். "எனக்கா? நான் லடாக்கே போய் வந்தவன்" என்பான். அவனுக்குச் சைலன்ஸர் மாற்றக் காசு இருக்கும். தெருவில் தூங்கும் குழந்தையை எழுப்பாமல் வீடு போய்ச் சேரத் தெரியாது.

ஒருமுறை நண்பர்களோடு கொல்லிமலை போயிருந்தோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி இறங்கும்போது நடுவழியில் வண்டிகளை ஓரம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்களிடம் நானூறு, அறுநூற்றைம்பது சி.சி. வண்டிகள். மேலேயிருந்து ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இறங்கி வந்தார். காலடியில் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை, மேலே வாழைநார்க் கயிற்றால் கட்டிய பலாப்பழம். செருப்புக் காலோடு இருந்தார். எங்கள் பக்கத்தில் வந்து அவரும் நிறுத்தினார். படம் எடுக்க அல்ல. இறங்கி, முன்சக்கரத்தின் பிரேக் டிரம்மைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பின்சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

"சூடாகிவிட்டதா அண்ணா?" என்று கேட்டேன்.

"இந்த இடத்தில் ஆறப்போட்டால்தான் கீழே வரைக்கும் பிடிக்கும் தம்பி. இதற்கு உங்கள் வண்டி மாதிரி கியர் கிடையாது, இன்ஜின் பிடித்து நிறுத்தாது" என்றார்.

உராய்வில் சூடேறினால் டிரம் பிரேக்கின் பிடிப்பு குறையும் என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் நாங்கள். அவருக்கு எந்த வளைவில், எவ்வளவு சுமைக்கு, எத்தனை பீடி நேரம் என்பதே தெரிந்திருந்தது. எங்களில் ஒருவன், அண்ணன்தான் உண்மையான ரைடர் என்று உரக்கச் சொல்லி அவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டான். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அந்தப் பட்டம் எதற்கு? பலாப்பழத்துக்கு நல்ல விலை கிடைத்தால் போதாதா?

அவர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். "எவ்வளவு கொடுக்கும்?"

"முப்பது கொடுத்தால் அதிகம்."

"மலைக்கு எதற்கு வந்தீர்கள்? கோயிலுக்கா, அருவிக்கா?"

"இரண்டுக்கும் இல்லை அண்ணா. சும்மா ஓட்டத்தான்."

"சும்மாவா!" என்று சிரித்தார். பிறகு விலையைக் கேட்டார், சொன்னேன். பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். "நாலு எக்ஸ்.எல். எடுத்து, மிச்சத்தில் ஒரு மாடும் வாங்கியிருக்கலாமே தம்பி?"

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. டிரம்மை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கிளம்பினார். நண்பர்களைப் பிறகு வரச் சொல்லிவிட்டு, நான் இரண்டாவது கியரில் அவர் பின்னாலேயே இறங்கினேன். அவர் எங்கே பிரேக்கைப் பிடிக்கிறார், எங்கே விடுகிறார் என்று பார்த்துக்கொண்டே போனேன். வளைவுக்குள் அவர் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.